பிராக் பழைய நகரம்: நடையா, கைடா, டிராம் வண்டியா, படகா?

வியன்னா, புடாபெஸ்ட், பிராக் என்று மூன்று தலைநகரங்களையும் ஒரே வாரத்தில் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்குப் பிராக்கில் பெரும்பாலும் ஒன்றரை நாள்தான் கிடைக்கிறது. அந்த ஒன்றரை நாளை வைத்துக்கொண்டு அவர்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்வி. பழைய நகரத்தை நடந்தே பார்த்துவிடலாமா, கைடு வேண்டுமா, டிராம் டிக்கெட் போதுமா, இல்லை படகும் பேருந்தும் சேர்ந்த சுற்றுலா டிக்கெட்டை வாங்கிவிடலாமா?

நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை ஒரு நவம்பரில், தனியாக. இரண்டாவது முறை ஒரு மே மாதத்தில், அம்மா அப்பாவோடு. முதல் பயணத்தில் எனக்கு அத்தனை பொருத்தமாக இருந்த வழி, இரண்டாவது பயணத்தில் முதல் நாள் மத்தியானத்துக்குள்ளேயே சரிப்படாமல் போனது. ஊர் அதேதான், கூட வந்தவர்கள் வேறு. அதனால் எது நல்லது என்று ஒரே வரியில் சொல்லாமல், யாருக்கு எது என்று பிரித்துச் சொல்கிறேன்.

முதலில் ஊரின் அமைப்பு

யுனெஸ்கோ 1992-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த இந்த மையப்பகுதியை வுல்டாவா நதி இரண்டாகப் பிரிக்கிறது. வலது கரையில் பழைய நகரச் சதுக்கம், வானியல் கடிகாரம், யூதர் குடியிருப்பாக இருந்த யோசெபோவ். இடது கரையில் மாலா ஸ்ட்ரானா, அதற்கு மேலே குன்றில் கோட்டை. இரண்டையும் இணைப்பது சார்லஸ் பாலம்.

பொஹீமியா, அதாவது இன்றைய செக் நாட்டின் பெரும்பகுதி, அதன் மன்னர்கள் முடிசூட்டுக்குப் போன வழி ஒன்று உண்டு. வெடிமருந்துக் கோபுரத்தில் தொடங்கி, சதுக்கம், கார்லோவா தெரு, பாலம், நெருடோவா தெரு வழியாகக் கோட்டைக்கு ஏறும். மொத்தம் சுமார் இரண்டரை கிலோமீட்டர்தான். முக்கியமானவை எல்லாம் இந்தக் கோட்டின் மீதோ, பக்கத்திலோ இருக்கின்றன.

ஆகவே இங்கே தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. பாலம் வரை சமதளம், பாலத்துக்கு அப்புறம் ஏற்றம். தரை முழுக்கச் சின்னச் சின்னக் கற்கள் பாவியது. அதோடு கூட்டம். இந்த மூன்றும்தான் உங்கள் நாளைத் தீர்மானிக்கும்.

எதை வைத்து முடிவெடுப்பது

நான் நான்கு விஷயங்களைப் பார்ப்பேன். ஒன்று, கூட வருகிறவர்களின் கால். இரண்டு, எந்த நேரத்தில் எங்கே இருக்க முடியும் என்பது. பிராக்கில் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்பதைவிட எந்த மணி நேரம் என்பதுதான் முக்கியம். மூன்று, பார்ப்பது என்னவென்று புரிகிறதா. கதை தெரியாமல் பார்த்தால் இங்கே பாதிக் கட்டடங்கள் வெறும் அழகான சுவர்கள். நான்கு, டிக்கெட்டில் எழுதியிருக்கும் விலை இல்லாமல் நாள் முடிவில் கையை விட்டுப் போன மொத்தப் பணம்.

| | நடை | கைடு | டிராம் | படகு, பேருந்து |
|---|---|---|---|---|
| காலுக்கு | ஏற்றத்தில் கடினம் | இரண்டு மூன்று மணி நேரம் நின்றபடி | மிக நல்லது | மிக நல்லது |
| நேரம் | முழுக்க உங்கள் கையில் | அவர்கள் சொல்லும் நேரம் | உங்கள் கையில் | அவர்கள் சொல்லும் நேரம் |
| கதை | நீங்கள் படித்துக்கொண்டு போனால் | கைடைப் பொறுத்து | இல்லை | பதிவு செய்த குரல் |
| மறைந்த செலவு | கழிப்பறை, காப்பி, பணமாற்றம் | டிப்ஸ், தனி நுழைவுச்சீட்டு | முத்திரை குத்தாவிட்டால் அபராதம் | இறங்கிய பின்னும் நடக்க வேண்டும் |
| யாருக்கு | தனியாள், ஜோடி | முதல் நாள், வரலாறு பிடித்தவர் | பெரியவர்கள், குழந்தைகள் | அசதியான மாலை |

நடை

நடந்து பார்ப்பதன் பெரிய லாபம் காலை நேரம். மற்ற மூன்று வழிகளிலும் அது உங்களுக்குக் கிடைப்பது அபூர்வம்.

சார்லஸ் பாலத்தை இரண்டு நேரங்களில் பார்த்தால் இரண்டு பாலங்கள் என்றே தோன்றும். காலை பதினொரு மணிக்குப் போனால் முன்னால் போகிறவரின் முதுகுதான் தெரியும். சூரியன் எழும்போது போனால் 516 மீட்டர் நீளமும் உங்கள் முன்னால் விரிந்து கிடக்கும். நான்காம் சார்லஸ் பேரரசர் காலத்தில் 1357-இல் கட்டத் தொடங்கிய பாலம் இது. இரண்டு பக்கமும் 30 சிலைத் தொகுதிகள். அவற்றில் பல இன்று பிரதிகள்தான், மூலச் சிலைகளைப் பாதுகாப்பாக வேறிடத்தில் வைத்திருக்கிறார்கள். புனித யான் நெபோமுக்கின் வெண்கலச் சிலை மட்டும் 1683-இலிருந்து அங்கே நிற்கிறது. 1393-இல் அரசன் ஆணைப்படி அவரை இந்தப் பாலத்திலிருந்துதான் ஆற்றில் எறிந்தார்கள். சிலைக்குக் கீழே உள்ள வெண்கலத் தகட்டைத் தொட்டால் நல்லது நடக்கும் என்ற நம்பிக்கையில் பகலில் வரிசை நிற்கும். காலையில் அந்தத் தகட்டில் உங்கள் முகம் தெரியும் அளவுக்கு நிதானமாகப் பார்க்கலாம்.

ஜூனில் ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடும், அவ்வளவு சீக்கிரம் எழுவது கஷ்டம்தான். டிசம்பரில் விடிய எட்டு மணி ஆகும், அது சுலபம். ஆனால் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். குளிர்காலத்தில் போகிறவர்கள் திட்டத்தை மணி பார்த்துப் போடாமல் வெளிச்சம் பார்த்துப் போடுங்கள்.

இன்னொரு லாபம், பெரிய பட்டியல்களில் வராத வாசல்கள். சதுக்கத்துக்குப் பக்கத்திலேயே கரோலினும் இருக்கிறது, 1348-இல் தொடங்கிய சார்லஸ் பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடம். தமிழறிஞர் கமில் சுவெலபில் பிராக்கில் பிறந்து, இந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். இந்த ஊரில் இருந்துகொண்டுதான் பல ஆண்டுகள் தமிழை ஆராய்ந்தார். 1968-இல் சோவியத் படைகள் நுழைந்த பிறகு நாட்டை விட்டுப் போக வேண்டியதாயிற்று. அந்தக் கட்டடத்தின் முன்னால் ஒரு நவம்பர் மாலையில் பத்து நிமிடம் நின்றேன். எந்தக் கைடும் என்னை அங்கே அழைத்துப் போயிருக்க மாட்டார்.

சரி, செலவுக்கு வருவோம். நடை இலவசம் என்று நினைக்கிறோம், ஆனால் நடப்பவர்தான் கடைகளின் வாசலை எல்லாம் கடக்கிறார். செக் நாட்டுப் பணம் கொருனா. ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் அங்கே யூரோ நாணயம் கிடையாது. பணமாற்றுக் கடைகள் சிலவற்றில் மோசமான விகிதம் தருவார்கள். அப்படி மாட்டிக்கொண்டால், மாற்றிய மூன்று மணி நேரத்துக்குள் ரசீதோடு திரும்பிப் போய் ரத்து செய்யச் சட்டத்தில் இடம் இருக்கிறது, 1000 யூரோ வரையிலான தொகைக்கு. 2019-இலிருந்து இது நடப்பில் உள்ளது. ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஏடிஎம்மில் "உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, கொருனாவிலேயே எடுங்கள். சதுக்கத்துக் கடைகளில் பன்றி இறைச்சி 100 கிராமுக்கு இவ்வளவு என்று எழுதியிருக்கும். அவர்கள் வெட்டி வைப்பது அதைப்போல மூன்று மடங்கு எடை வரலாம். கழிப்பறைக்குச் சில்லறை தேவைப்படும். இவை எல்லாம் சேர்ந்தால் ஒரு நாள் டிராம் டிக்கெட்டின் விலையைத் தாண்டிவிடும்.

அப்புறம் கால். இரண்டாவது பயணத்தில் அம்மா அப்பாவையும் அதே மன்னர் பாதையில் நடக்க வைத்தேன். பாலம் வரை ஒரு குறையும் இல்லை. நெருடோவா ஏற்றத்தில் பாதி வழியில் அப்பா ஒரு வீட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்கப்பா, நான் இங்கேயே இருக்கேன்" என்றார். நாங்கள் யாருமே போகவில்லை. அந்தத் தெருவில் வீட்டு எண்கள் வருவதற்கு முன்னால், அதாவது 1770-க்கு முன்னால், வீடுகளை அடையாளம் காட்டிய சின்னங்கள் இன்னும் இருக்கின்றன. மூன்று பிடில்கள், இரண்டு சூரியன்கள் என்று. எதிர்வீட்டுச் சின்னத்தைப் பார்த்தபடி அப்பா மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அன்றைக்குக் கோட்டை பார்க்கவில்லை. தவறு என்னுடையது.

கைடு

காசில்லாமல் கைடு என்று விளம்பரம் செய்யும் நடைச் சுற்றுலாக்கள் பழைய நகரச் சதுக்கத்தில் நிறைய. வண்ணக் குடைகளைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். முன்பணம் கிடையாது, முடிவில் டிப்ஸ் கொடுக்க வேண்டும். இவர்களில் பலருக்குச் சம்பளம் என்று தனியாக ஒன்றும் இல்லை, அந்த டிப்ஸ்தான் வருமானம். ஆகவே இதை இலவசமாகக் கணக்குப் போடாதீர்கள். நன்றாகச் சொன்னவருக்கு ஒரு சுமாரான சாப்பாட்டின் விலையையாவது தலைக்குக் கொடுப்பதுதான் நியாயம். நான்கு பேர் குடும்பம் என்றால் கூட்டிப் பாருங்கள், உங்களுக்கு மட்டுமென்று ஒரு கைடை அமர்த்தும் தொகைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அப்போது தனிக் கைடே மேல். உங்கள் வேகத்தில் நடப்பார், பெஞ்சு கண்ட இடத்தில் நிற்பார்.

கைடு நல்லவரா என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வழி உண்டு. வானியல் கடிகாரத்தின் முன்னால் அவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். ஹனுஷ் என்ற கலைஞர் கடிகாரத்தைச் செய்தார், இதே போல வேறு ஊருக்குச் செய்துவிடக் கூடாது என்று நகரத்தார் அவர் கண்களைக் குருடாக்கினார்கள் என்பது கதை. கேட்க உருக்கமாக இருக்கும். ஆனால் 1410-இல் அதைச் செய்தவர் கடான் ஊரைச் சேர்ந்த மிக்குலாஷ், கணக்குப் போட்டுக் கொடுத்தவர் யான் ஷிண்டெல் என்ற வானியல் அறிஞர் என்பதே ஆவணங்கள் சொல்வது. கதையைச் சொல்லிவிட்டு உண்மையையும் சொல்கிறவரோடு கடைசி வரை போங்கள். கதையோடு நிறுத்திவிடுகிறவர் மற்ற இடங்களிலும் அப்படித்தான் செய்வார்.

மணிக்கொரு முறை ஜன்னல் திறந்து அப்போஸ்தலர்களின், அதாவது இயேசுவின் சீடர்களின், பொம்மைகள் வந்து போகும் காட்சி ஒரு நிமிடம்கூட நீடிக்காது. அதற்காகக் கால் மணி நேரம் கூட்டத்தில் நிற்பதைவிட, கீழே இருக்கும் முகப்பைப் புரிந்துகொள்ள அந்தக் கால் மணி நேரத்தைச் செலவிடலாம். சூரியன் எந்த ராசியில், நிலா எந்த நிலையில், சூரியன் மறைவதிலிருந்து எண்ணும் பழைய பொஹீமிய நேரம் என்ன என்று எல்லாவற்றையும் அது ஒரே வட்டத்தில் காட்டுகிறது. பக்கத்திலேயே தரையில் 27 வெள்ளைச் சிலுவைகள் பதித்திருக்கும். 1621 ஜூன் 21-இல் பேரரசருக்கு எதிரான கிளர்ச்சிக்காக அந்த இடத்தில் மரண தண்டனை பெற்ற 27 பேருக்காக. சொல்ல ஆளில்லாவிட்டால் அதன் மேல் மிதித்துக்கொண்டே போய்விடுவோம்.

கைடு உண்மையில் அவசியப்படும் இடம் யோசெபோவ் என்பேன். பின்காஸ் யூத ஆலயத்தின் சுவர்களில் நாஜிகளால் கொல்லப்பட்ட, பொஹீமியாவையும் பக்கத்து மொராவியாவையும் சேர்ந்த யூதர்கள் சுமார் 78,000 பேரின் பெயர்களைக் கையால் எழுதியிருக்கிறார்கள். அடுத்து இருப்பது பழைய கல்லறைத் தோட்டம். இடம் போதாமல் மண்ணைக் கொட்டி ஒன்றின் மேல் ஒன்றாகப் புதைத்ததால் கல்லறைக் கற்கள் நெருக்கியடித்துச் சாய்ந்து நிற்கின்றன. மிகப் பழைய கல் 1439-ஐச் சேர்ந்தது. இவற்றின் நடுவே நின்று, குரலைத் தாழ்த்தித் தெரிந்ததைச் சொல்லும் ஒருவர் இருந்தால் அந்த ஒரு மணி நேரம் மனதில் தங்கிவிடும். டிப்ஸ் சுற்றுலாக்கள் பொதுவாக வெளியில் நின்று பேசிவிட்டுப் போய்விடும். உள்ளே போக யூத அருங்காட்சியக டிக்கெட் தனி. சனிக்கிழமையும் யூதப் பண்டிகை நாட்களிலும் மூடியிருக்கும். ஒரே நாள்தான் இருக்கிறது, அதுவும் சனிக்கிழமை என்றால் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

டிராம்

அப்பா வாசற்படியில் உட்கார்ந்த மறுநாள் காலையில் 22-ஆம் எண் டிராமில் ஏறினோம். பிராக்கைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். தேசிய நாடக அரங்கின் அருகே ஏறினால், ஆற்றைக் கடந்து, மாலா ஸ்ட்ரானா வழியாக, வளைந்து வளைந்து குன்றின் மேலே ஏற்றிவிடும். ஜன்னலோரம் உட்கார்ந்தால் அதுவே ஒரு சுற்றுலா.

பெரும்பாலானோர் "பிராஷ்ஸ்கி ஹ்ராட்", அதாவது பிராக் கோட்டை, நிறுத்தத்தில் இறங்குவார்கள். அதுவும் நல்லதுதான், அங்கே இருக்கும் வேறொரு பாலத்தைக் கடந்து வடக்கு வாசல் வழியாகச் சமதளமாகவே கோட்டைக்குள் போய்விடலாம். ஆனால் கால் கொஞ்சம் ஒத்துழைத்தால் இன்னும் இரண்டு நிறுத்தம் தள்ளி "போஹோர்ஜெலெட்ஸ்" போங்கள். அது மேட்டின் உச்சி. அங்கிருந்து கோட்டை வரை இறக்கம். முதலில் ஸ்ட்ராஹோவ் மடம், அதன் மதிலோரம் நின்றால் ஊர் முழுவதும் கீழே தெரியும். பிறகு லொரெட்டா தேவாலயம், மணிக்கொரு முறை அதன் கோபுரத்து மணிகள் பாட்டு இசைக்கும். அங்கிருந்து மெதுவாக நடந்தால் கோட்டையின் முன்வாசல். நேற்று எட்டாத இடத்துக்கு இன்று மேலிருந்து இறங்கி வந்தோம். அப்பா ஒரு முறைகூட உட்காரவில்லை.

கோட்டை வளாகத்துக்குள் நுழையக் காசு இல்லை, பாதுகாப்புச் சோதனை மட்டும் இருக்கலாம். கட்டடங்களுக்குள் போகத்தான் டிக்கெட். புனித விட்டு பேராலயத்தை 1344-இல் தொடங்கி 1929-இல்தான் முடித்தார்கள். அதன் முன்பகுதியில் நின்று பார்க்க டிக்கெட் தேவையில்லை, நேரம் இல்லாதவர்களுக்கு அதுவே போதும். பகல் 12 மணிக்கு முன்வாசலில் வாத்திய முழக்கத்தோடு காவல் மாற்றம் நடக்கும். அதைப் பார்ப்பதானால் முன்னதாகவே போய் நில்லுங்கள். வேண்டாமென்றால் அந்த நேரத்தில் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

திரும்பும் வழியில் ஒரு எச்சரிக்கை. கிழக்கு வாசலிலிருந்து கீழே இறங்கும் பழைய கோட்டைப் படிகளை எல்லா வரைபடமும் காட்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏறுவதைவிடப் படி இறங்குவதுதான் வேதனை. அவர்கள் வடக்கு வாசலுக்குப் போய் 22-இல் ஏறி, மாலோஸ்ட்ரான்ஸ்கே சதுக்கத்தில் இறங்கிவிடலாம். அங்கிருந்து பாலம் சில நிமிட நடை.

டிக்கெட் நேரக் கணக்கில் வரும்: 30 நிமிடம், 90 நிமிடம், 24 மணி நேரம், 72 மணி நேரம். ஒரே டிக்கெட்டில் டிராம், மெட்ரோ, பேருந்து எல்லாவற்றிலும் போகலாம். காகித டிக்கெட் என்றால் முதல் பயணத்தின் தொடக்கத்தில் மஞ்சள் பெட்டியில் நுழைத்து முத்திரை குத்தியே ஆக வேண்டும். டிக்கெட் கையில் இருந்தும் முத்திரை இல்லாவிட்டால் டிக்கெட் இல்லாத கணக்குத்தான். சாதாரண உடையில் வரும் பரிசோதகர்கள் அடையாள வில்லையைக் காட்டுவார்கள், சுற்றுலாப் பயணி என்பதற்காக விட மாட்டார்கள். டிராமுக்குள் இருக்கும் கருவியில் கார்டைத் தட்டி வாங்கினால் முத்திரை வேலை இல்லை. பெரியவர்களுக்கும் சிறுவர்களுக்கும் சலுகை உண்டு, வயதைக் காட்ட பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். 22-இல் கூட்டம் அதிகம், கைப்பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள்.

டிராமின் குறை ஒன்றுதான். சதுக்கத்துக்கும் கார்லோவா தெருவுக்கும் அது வராது. பழைய நகரத்தின் நடுப்பகுதிக்கு நடைதான்.

படகும் பேருந்தும்

ஏறி இறங்கும் சுற்றுலாப் பேருந்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பழைய நகரத்தின் உள்தெருக்கள் நடப்பவர்களுக்கானவை, பேருந்து ஓரத்தில்தான் சுற்றும். எதைப் பார்க்க வந்தீர்களோ அதற்கு இறங்கி நடக்க வேண்டும். அதே பணத்தில் 24 மணி நேர டிராம் டிக்கெட்டும் ஒரு நல்ல காப்பியும் முடிந்துவிடும். மழை விடாமல் பெய்கிறது, கைக்குழந்தை இருக்கிறது என்றால் மட்டும் யோசிக்கலாம்.

படகு அப்படி இல்லை. அது எந்த இடத்துக்கும் உங்களைக் கொண்டு சேர்க்காது, ஆனால் பாலத்தின் வளைவுகளையும் மேலே கோட்டையையும் ஒரே சட்டகத்தில் காட்டும். பாலத்தின் மேலே நிற்கும்போது பாலம் தெரியாதல்லவா? ஒரு மணி நேரப் பயணம் போதும். சாப்பாட்டோடு சேர்ந்த நீண்ட பயணங்களில் ஆற்றில் இருக்கும் தடுப்பணைகளுக்கு நடுவே அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பீர்கள், சைவச் சாப்பாட்டுக்கும் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். ஏறும் முன் படகுத்துறைப் படிகளைப் பாருங்கள், சில இடங்களில் செங்குத்து.

யாருக்கு எதைச் சொல்வேன்

தனியாகவோ ஜோடியாகவோ போகிறீர்கள், கால் பிரச்சினை இல்லை என்றால் நடையை எடுங்கள். ஆனால் விடியற்காலையில் பாலத்தில் தொடங்கி, ஏறும் இடத்துக்கு மட்டும் டிராம். பத்து மணிக்கு மேல் சதுக்கத்தில் கூட்டம் சேரும்போது நீங்கள் மேலே கோட்டையில் இருப்பீர்கள்.

பெற்றோருடன் போகிறவர்கள் 24 மணி நேர டிக்கெட்டோடு 22-ஐ நம்புங்கள். மறுநாள் காலை அதே டிக்கெட் இன்னும் செல்லும் என்பதால் முதல் நாள் எல்லாவற்றையும் திணிக்க வேண்டாம். மாலையில் ஒரு மணி நேரப் படகு, அவ்வளவுதான். கடிகாரத்துக்கு மேலே நகரமன்றக் கோபுரத்தில் லிப்ட் இருக்கிறது. அம்மா அப்பா மேலிருந்து சதுக்கத்தைப் பார்த்தது அப்படித்தான்.

வரலாற்றில் ஆர்வம் இருந்து, இரண்டு நாளும் இருந்தால் கைடுக்கான பணத்தை யோசெபோவுக்கு ஒதுக்குங்கள். மற்றதைப் படித்துக்கொண்டே போய்ப் பார்க்கலாம்.

அரை நாள்தான், ரயில் மாறும் இடைவெளியில் வருகிறேன் என்கிறவர்கள் கோட்டையை விட்டுவிடுங்கள். பிரதான ரயில் நிலையத்திலிருந்து வெடிமருந்துக் கோபுரம் பத்துப் பன்னிரண்டு நிமிட நடை. அங்கிருந்து சதுக்கம், பாலம், பாலத்தின் மறுமுனை வரை போய்த் திரும்புங்கள். பெட்டியை நிலையத்துப் பாதுகாப்பறையில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள். அந்தக் கற்களில் சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு ஒரு தெருகூடத் தாண்ட முடியாது.